பெரியவளா, நடுவிலவளா?

ஒரு பிள்ளை தன் தாயோடு ஐம்பது வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருக்கிறான். அவள் செருப்பைக் கழற்றிப் போடும் சத்தத்தை வைத்தே அன்றைக்குக் கோபமா இல்லையா என்று அவனால் சொல்லிவிட முடியும். அப்படிப்பட்டவனிடம் போய், உன் தாய் யார் என்று கேட்டால், அது ஒரு கேள்வியா என்றுதான் எல்லோரும் சிரிப்பார்கள். குஷன்காரருடைய வாழ்க்கை அந்தக் கேள்வியைக் கேட்டது. பதிலை வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டது.

குஷன்காரர் என்பது தெரு வைத்த பெயர். பழைய சோபாவையும் நாற்காலியையும் பிரித்து, ஸ்பிரிங்கை இழுத்துக் கட்டி, புது ஸ்பாஞ்சு வைத்து, ரெக்ஸினோ துணியோ போர்த்தி ஆணி அடித்துக் கொடுப்பது அவர் வேலை. கடை என்பது இரண்டு அறை. முன்னறையில் முதுகு உரிந்த சோபாக்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். பின்னறையில் அவர் மனைவி மெஷினில் உறை தைப்பார். இரண்டு அறையிலும் ஸ்பாஞ்சு ஒட்டும் சொலூஷன் நாற்றம். புதிதாக வருகிறவர்களுக்குத் தலை சுற்றும். அவர்கள் இருவருக்கும் அது இல்லாத இடத்தில்தான் மூச்சு முட்டும்.

அவரைப் பெரிய கைகாரர் என்று சொல்வதற்கில்லை. மூலை மடிப்பில் துணி கொஞ்சம் தடித்துப்போகும். சொன்ன தேதிக்குச் சாமான் கிடைத்ததாக ஒருவரும் சாட்சி சொல்ல மாட்டார்கள். ஒரு பழக்கம் மட்டும் அவருக்கென்று இருந்தது. பழைய சோபாவைப் பிரித்தால் உறைக்குக் கீழே உறை இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ போட்டது. மற்ற கடைக்காரர்கள் அதன் மேலேயே புதியதை அடித்து அனுப்பிவிடுவார்கள். இவர் கட்டை தெரியும்வரை உரிப்பார். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போர்த்தினால் உட்காரும்போது உறுத்தும் என்பது அவர் கட்சி. தேதி தவறுவதற்கும் அதுதான் காரணம். பின்னால் வந்த குழப்பத்துக்கும் அதுதான் காரணமாக இருந்திருக்க வேண்டும்.

அவர் தாய் இறந்தார். வயதாகி, கொஞ்ச நாள் படுத்து, யாரையும் அதிகம் படுத்தாமல் போன சாவு. தந்தை முன்பே போய்விட்டிருந்தார். தந்தையின் கல்லறைக் கல்லில் கீழ்ப்பாதியை அப்போதே காலியாக விட்டிருந்தார்கள். தாயைப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். இனி அந்தக் காலி இடத்தில் பெயரை வெட்ட வேண்டியதுதான் பாக்கி.

கல் கொத்துகிறவர் பெயர், பிறந்த தேதி, இறந்த தேதி மூன்றும் கேட்டார். பிறந்த தேதி குஷன்காரருக்குத் தெரியவில்லை. தாயிடம் கேட்டபோதெல்லாம், "மழ பேஞ்சுக்கிட்டு இருந்துச்சாம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இறப்புச் சான்றிதழில் வயது சுமார் எழுபத்தைந்து என்று இருந்தது. அந்தச் சுமாரும் குஷன்காரர் வாயால் சொன்னதுதான்.

"சுமார்னு கல்லுல வெட்ட முடியாதுண்ணே," என்றார் கல் கொத்துகிறவர். "பேப்பர்ல தப்பு வந்தா அடிச்சு எழுதலாம். கல்லுல வந்தா கல்லையே தூக்கிப் போடணும்."

பதிவு அலுவலகம் நீளமான ஒரு நடைவழி. இருபுறமும் இரும்பு அலமாரிகள், முடிவில் ஒரு கவுன்டர், காத்திருப்பவர்களுக்கு வரிசையாக நாற்காலிகள். குஷன்காரர் உட்கார்ந்ததுமே, உள்ளே ஸ்பாஞ்சு தூளாகிவிட்டது, மேலே மட்டும் யாரோ புது ரெக்ஸின் போட்டு ஏமாற்றியிருக்கிறார்கள் என்று கண்டுகொண்டார். கவுன்டரில் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். பழைய சான்றிதழ் தேடி வருகிறவர்களை அவருக்குப் பிடிக்கும் போலிருக்கிறது. உட்கார வைத்துப் பாடமே எடுத்தார். சாவிலிருந்து பின்னோக்கிப் போக வேண்டும். சாவுத் தாளில் வயது கிடைக்கும், வயதை வைத்துக் கல்யாணத்தைப் பிடிக்கலாம், கல்யாணத் தாளில் பெண்ணின் அப்பா பெயர் கிடைக்கும், அதை வைத்துப் பிறப்பைப் பிடிக்கலாம். நேராகப் பிறப்பைத் தேடினால் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரிதான் என்றார். குஷன்காரருக்குத் தாத்தாவின் பெயரும் பழைய வீட்டு எண்ணும் தெரியும். அதனால் நடுவில் உள்ள படிகளைத் தாண்டி நேராகப் பிறப்பைக் கேட்டுவிட்டு வந்தார்.

மறுமுறை போனபோது அந்த அம்மாள் கையில் இரண்டு தாள்கள் இருந்தன. ஒன்று அவர் கேட்ட பிறப்புச் சான்றிதழ். இன்னொன்று அவர் கேட்காதது.

"தேடும்போது இதுவும் வந்துச்சு சார். அதே பேரு, அதே அப்பா, அதே வீடு. சரி, உங்களுக்கு ஆகுமேன்னு எடுத்தேன்."

அது ஓர் இறப்புச் சான்றிதழ். பெண், வயது பத்தொன்பது, மணமாகாதவர், காய்ச்சல். தாயின் பெயரில், ஐம்பத்தைந்து வருடங்களுக்கு முந்தைய சாவு.

குஷன்காரர் இது வேறு யாராவதாக இருக்கும் என்றார். அதே வீட்டில் அதே பெயரில் இன்னொரு பெண் இருந்தால் அவளுக்கும் ஒரு பிறப்பு இருக்க வேண்டுமே, இல்லையே என்றார் அந்த அம்மாள். தன் தாய் போன மாதம்தான் இறந்தார் என்று குஷன்காரர் சொன்னார். அம்மாள் கண்ணாடியை இறக்கி அவர் முகத்தைப் பார்த்தார். ஏற்றிக்கொண்டு தாளைப் பார்த்தார். எதை நம்புவது என்று அவருக்கும் தெரியவில்லை.

தாண்டிப் போன படிக்குத் திரும்பி வந்து கல்யாணச் சான்றிதழைத் தேட வேண்டியதாயிற்று. அதுவும் கிடைத்தது. தந்தையின் பெயர் சரி, தாயின் பெயர் சரி. தேதிதான், அந்த இறப்புக்கு இரண்டு மாதம் பிந்தியது.

"செத்து ரெண்டு மாசம் கழிச்சுக் கல்யாணம் பண்ணிக்கிட்டிருக்காங்க சார்," என்றார் அம்மாள். சொல்லும்போது முகத்தை அலுவலக முகமாகத்தான் வைத்திருந்தார். சொல்லி முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. உடனே மன்னித்துக்கொள்ளச் சொன்னார். குஷன்காரரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே வாசலுக்கு வந்தவர், வண்டியை எங்கே நிறுத்தினோம் என்பது மறந்து தெருவில் கொஞ்ச நேரம் நின்றார்.

மனைவி மெஷினை நிறுத்தாமலே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். தேதி கேட்கப் போன இடத்தில் கிணறு வெட்டப் பூதம் கிளம்பியிருக்கிறது என்றார். பிறகு, "அத்தை செத்தவங்களா? நான் முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். என் கொழம்புல தினம் ஒரு குத்தம் கண்டுபிடிக்கிறதுக்கு உசுரு வேணும்," என்றார்.

தாயின் பக்கத்தில் இப்போது உயிரோடு இருக்கும் ஒரே ஆள் சித்தி. சித்தி என்று பெயரே தவிர, குஷன்காரரைவிட ஆறேழு வயதுதான் மூப்பு. சிறு வயதில் இருவரும் ஒரே பம்பரத்துக்கு அடித்துக்கொண்டவர்கள். சித்தி பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டுக்குள் பேசினாலும் கடைசி இருக்கைக்குக் கேட்கிற குரல். குஷன்காரர் தாளை நீட்டியதும் கையை எட்ட நீட்டிப் பிடித்துப் படித்தார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"இது நடுலவடா."

"எந்த நடுலவ?"

"எங்களுக்கு நடுவுல ஒருத்தி இருந்தா. உங்கம்மா பெரியவ, அவ நடுலவ, நான் சின்னவ. காய்ச்சல்ல போயிட்டா."

"இத்தன வருஷமா ஒருத்தரும் எங்கிட்டச் சொல்லலையே?"

"நீ கேக்கலையே."

பெயர் ஏன் மாறியிருக்கிறது என்பதற்கும் சித்தியிடம் விளக்கம் இருந்தது. அந்தச் சமயத்தில் பெரியவளுடைய கல்யாணத்துக்குப் பதிவு அலுவலகத்தில் நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. தெருவே அவள் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அப்பாவும் அந்த வாரம் காய்ச்சலில் கிடந்தார். சாவைப் பதியப் போனவன் எவனோ, அந்த வீட்டுப் பெண் என்று சொன்னதும் நாக்கில் இருந்த பெயரையும் அதற்கேற்ற வயதையும் சொல்லிவிட்டிருப்பான். குஷன்காரர் தாளைத் திரும்பப் பார்த்தார். தகவல் தந்தவர் என்ற இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் என்று இருந்தது. மனசு லேசாகிவிட்டது. சித்தி கொடுத்த காப்பியை ருசித்துக் குடித்தார்.

பதிவு அலுவலகத்திலும் அது பொருந்தி வந்தது. நடுவிலவளின் பெயரில் பிறப்பு இருந்தது; பெரியவளுக்கு இரண்டு வருடம் பிந்தி, அதே மழை மாதத்தில். கல்யாணம் இல்லை. இறப்பு இல்லை. "வந்தது இருக்கு சார், போனது இல்ல," என்றார் கவுன்டர் அம்மாள். அதாவது, போனதுதான் பெரியவளின் பெயரில் பதிவாகிக் கிடக்கிறது. தாய் தன் சொந்தப் பெயரிலேயே வாழ்ந்து சொந்தப் பெயரிலேயே இறந்திருக்கிறார். குஷன்காரர் கல் கொத்துகிறவருக்குச் சொல்லி அனுப்பலாம் என்று நினைத்தார்.

அன்று சாப்பிடும்போது மனைவி ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தார். தாய் படுப்பதற்கு முன் ஒரு தடவை கண் காட்டப் போயிருந்தார்கள். நர்ஸ் பெயரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். தாய் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காது போய்விட்டது என்று நினைத்து, கண் காட்டப் போன இடத்தில் காதையும் காட்டினார்கள். காது டாக்டர், இவங்களுக்குக் கொசு நடக்கிற சத்தம்கூடக் கேட்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

"பேரச் சொல்லிக் கூப்பிட்டா அத்தை எப்பவுமே லேட்டாத்தான் திரும்புவாங்க. வேற யாரையோ கூப்பிடற மாதிரி மொதல்ல சும்மா இருப்பாங்க. ஞாபகம் இருக்கா உங்களுக்கு?"

குஷன்காரருக்கு ஞாபகம் இருந்தது. ஞாபகம் இருந்ததுதான் சங்கடம். யோசித்துப் பார்த்தால், அந்தப் பெயரைச் சொல்லி அவரைக் கூப்பிட்டவர்களே குறைவு. தந்தைக்கு அவர் 'இந்தா'. பிள்ளைக்கு அம்மா. மருமகளுக்கு அத்தை. தெருவுக்குக் குஷன்காரர் அம்மா. பெயர் என்பது ஆஸ்பத்திரிச் சீட்டிலும் பாங்கு புத்தகத்திலும் மட்டுமே இருந்தது. அதைக் கேட்டுத் திரும்பப் பழகாத ஒருவர், அது தன் பெயர் இல்லாததால் திரும்பவில்லையா? யாரும் கூப்பிடாததால் திரும்பவில்லையா?

அன்றிலிருந்து அவருக்குப் பிடித்தது வினை. கல்யாணச் சான்றிதழில் இருந்த கையெழுத்தை எடுத்துப் பார்த்தார். எழுத்துகள் ஒன்றுக்கொன்று அறிமுகம் இல்லாதவை மாதிரி தள்ளித் தள்ளி நின்றன. புதிதாகப் பழகிய ஒரு பெயரை எழுதிய கையா அது? பாங்கு புத்தகத்தில் இருந்ததோ ஒரே இழுப்பில் போட்ட உறுதியான கையெழுத்து. மனைவியிடம் காட்டினார். மனைவி உள்ளே போய்த் தங்கள் கல்யாணத் தாளை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டார். அதில் குஷன்காரரின் கையெழுத்து கட்டத்தைத் தாண்டி, சாட்சியின் பெயர் மேல் ஏறி இறங்கியிருந்தது. "இத வச்சு உங்கள யாருன்னு சொல்லச் சொல்றீங்க?" என்று கேட்டுவிட்டுத் தைக்கப் போய்விட்டார்.

வேலை தேங்கியது. ஒரு வீட்டுச் சோபாவின் முதுகை இன்னொரு வீட்டு உறையில் போர்த்திவிட்டார். வந்தவர், இது என் சோபாவே இல்லை என்று சண்டை போட்டார். கட்டை உங்களுடையதுதான் என்று குஷன்காரர் விளக்கினார். பாதி விளக்கத்தில் நிறுத்திக்கொண்டு, அவரையே வெறித்துப் பார்த்தார்.

அவரை உறுத்தியது தேதி இல்லை. செத்தது பெரியவள் என்றால், அவரைப் பெற்றவர் நடுவிலவள். செத்துப்போன அக்காவின் பெயரை மாட்டிக்கொண்டு ஒரு ஆயுள் முழுவதும் இருந்திருக்கிறார். இப்போது மகனே அந்தப் பெயரைக் கல்லில் வெட்டி, தாயை என்றைக்கும் அதற்கு அடியில் படுக்க வைக்கப்போகிறான். செத்தது நடுவிலவள் என்றால், ஒருத்தி செத்ததற்குக்கூட அவள் பெயரில் ஒரு தாள் இல்லை. இரண்டில் எது என்று தெரியாமல் உளியை எப்படித் தொடச் சொல்வது?

மறுபடியும் சித்தி வீட்டுக்குப் போனார். இந்தத் தடவை நேராகவே கேட்டார், செத்தது யார் என்று நீ கண்ணால் பார்த்தாயா என்று. சித்தி முதலில் எரிந்து விழுந்தார். டிக்கெட் இல்லாதவனைப் பிடித்த மாதிரி என்னைக் கேட்கிறாயே என்றார். பிறகு குரல் இறங்கியது. அது குஷன்காரர் அதுவரை கேட்டிராத குரல்.

"எனக்கு அப்ப ஆறு வயசுடா. கிட்ட விடல. முகத்த மூடியிருந்தாங்க. எங்கம்மா, 'பெரியவ போயிட்டாளே'ன்னு அழுதது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

"பெரியவளா? நடுலவன்னு சொன்னியே."

"அப்படியா சொன்னேன்?"

சித்தி பொய் சொல்லவில்லை. அந்த வீட்டு வழக்கம் அப்படி. பிள்ளைகளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. பெரியவ, நடுலவ, சின்னவ, அவ்வளவுதான். பெயர்கள் பள்ளிக்கூடத்துக்கும் சர்க்காருக்கும். சாவுக்கு மறுநாளே அந்த வீட்டில், பெரியவ தண்ணீர் கொண்டு வா, பெரியவ கதவைச் சாத்து என்ற பேச்சு தொடர்ந்தது. மிச்சம் இருந்தது இரண்டு பேர். இரண்டு பேரில் மூத்தது பெரியவதானே? மிஞ்சியவள் எவளாக இருந்தாலும் மறுநாளிலிருந்து அவள் பெரியவ. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பெரியவ இருந்தாள், பெரியவ இருக்கிறாள். வீட்டில் இல்லாமல் போனது நடுலவ என்ற சொல்தான். அதனால் செத்தது நடுலவ என்று அது தானாகவே முடிவு கட்டிக்கொண்டது. ஐம்பத்தைந்து வருடம் கழித்து ஒருவன் கேட்கும்வரை அதில் சந்தேகப்பட அதற்குக் காரணமும் இல்லை.

நோட்டீஸ் பெரியவள் பெயரில் போனதைச் சித்தி மறுபடி நினைத்துப் பார்த்தார். மாப்பிள்ளை தூரத்தில் வேலைக்குச் சேர நாள் நெருங்கியிருந்தது. புதிதாக நோட்டீஸ் கொடுத்துக் காத்திருக்க நேரமில்லை. பெரியவள் போய்விட்டாள் என்றால், அடுத்தவளை நிறுத்தி அக்கா பெயரில் கையெழுத்துப் போட வைப்பதும் தன் அப்பா செய்யக்கூடிய காரியம்தான் என்றார். செய்தார் என்று சொல்லவில்லை. செய்யக்கூடியவர் என்றார்.

வேறு ஏதாவது அடையாளம் உண்டா என்று குஷன்காரர் கெஞ்சினார். நடுலவள் படிப்பு ஏறாமல் பாதியில் நின்றவள் என்று சித்தி சொன்னார். அவர் தாயோ செய்தித்தாளைக் கடைசிப் பக்கத்துக் கடைசி வரிவரை படிப்பார். அப்படியானால் அவர் பெரியவள்தான். குஷன்காரர் எழுந்தேவிட்டார். எழுந்தவருக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. அவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் தாய் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் சொல்லிக்கொடுப்பார். எப்போதும் மகனைவிட ஒரு பக்கம் முன்னால் இருப்பார். ஒரே ஒரு பக்கம்தான். அடுத்த பக்கத்தில் ஏதாவது கேட்டால், நாளைக்குச் சொல்கிறேன் என்பார். குஷன்காரர் திரும்ப உட்கார்ந்தார்.

"ஒருத்தி என்னைக் கிள்ளுவா," என்றார் சித்தி. "இன்னொருத்தி கிள்ளின எடத்துல ஊதி விடுவா. அது ஞாபகம் இருக்கு."

"அதுக்கப்புறம்? எங்கம்மா எது?"

சித்தி தன் கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "அதுக்கப்புறம் யாரும் கிள்ளல. யாரும் ஊதியும் விடல."

கவுன்டர் அம்மாளிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் தலையைத் தலையை ஆட்டினார். தாளைக் குறை சொல்லாதீர்கள் என்று அவர் பங்குக்குக் கொஞ்சம் கோபித்துக்கொண்டார். "நாங்க பாத்து எழுதறதில்ல சார், கேட்டுத்தான் எழுதறோம்." ஆனால் வழி உண்டு என்றார். இரண்டில் ஒன்று தவறு. எது தவறு என்று அந்தக் காலத்தில் அந்த வீட்டில் இருந்த ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால், திருத்திக் கொடுத்துவிடலாம். செத்தது நடுவிலவள் என்றால் பழைய இறப்புச் சான்றிதழில் பெயரை மாற்றலாம். பெரியவள் என்றால் தாயின் கல்யாணத்திலும் இறப்பிலும் மாற்றலாம். அதன்பிறகு எல்லாத் தாளும் ஒரே கதையைச் சொல்லும். கேட்கிறவனுக்கும் குழப்பம் இருக்காது.

அந்த வீட்டில் இருந்த ஒருவர் என்றால் சித்திதான். சித்திக்கு அதில் ஒரு தயக்கமும் இல்லை.

"நீ எத எழுதிக்கிட்டு வர்றியோ அதுல போடறேன். நான் டிக்கெட் கிழிச்சவடா. எங்க எறங்கணும்னு நீ சொல்லு."

இதைவிடத் தெரியாமலே இருப்பது மேல் என்று குஷன்காரருக்குத் தோன்றியது. அதுவரை உண்மை எங்கேயோ ஒரு அலமாரியில் இருக்கிறது, தேடினால் கிடைக்கும் என்று அலைந்தார். இப்போது அது அவர் சட்டைப்பைக்கே வந்துவிட்டது. அவர் எதை எழுதினாலும் அதுதான் உண்மையாகப்போகிறது. தப்பாக எழுதினால், பெற்றவளை அவள் பெயரிலிருந்து துரத்திய பிள்ளை ஆவார், அல்லது பெயர் சொல்லி யாருமே அழாத ஒரு பெண்ணை இரண்டாவது தடவை புதைத்தவர் ஆவார். இதில் எது பெரிய பாவம் என்று நிறுத்துப் பார்க்கிற தராசு அவரிடம் இல்லை. எவரிடமும் இருப்பதாகத் தெரியவில்லை.

தட்டச்சுக் கடையில் இரண்டு உறுதிமொழியும் எழுதி வாங்கினார். ஒன்றில் நடுவிலவள் செத்தாள். இன்னொன்றில் பெரியவள் செத்தாள். தட்டச்சுக்காரர் நிமிர்ந்து, "எதாவது ஒண்ண முடிவு பண்ணிட்டு வரக்கூடாதா?" என்று கேட்டார். இரண்டையும் பையில் வைத்துக்கொண்டு சித்தியையும் அழைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனார்.

அதே நடைவழி, அதே நாற்காலிகள். சித்தி உட்கார்ந்ததும், இதில் உட்காருவதற்கு என் பஸ்ஸின் கடைசி சீட்டே தேவலை என்றார். குஷன்காரர் பக்கத்து நாற்காலியின் கிழிசலில் விரலை விட்டு, உள்ளே எத்தனை உறை என்று பழக்கத்தில் தடவிக்கொண்டிருந்தார். கவுன்டர் அம்மாள் கூப்பிட்டார். அவர் எழுந்திருக்கவில்லை. இரண்டாவது தடவை கூப்பிட்டார்.

"டேய், உன்னத்தான்," என்று சித்தி தொடையில் தட்டினார். "கேக்கல?"

கேட்டது. தன் பெயர்தான் என்பதும் தெரிந்தது. ஆனாலும் கொஞ்ச நேரம் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய், திருத்தம் எதுவும் வேண்டாம், இரண்டு பிறப்புச் சான்றிதழுக்கும் முத்திரை வைத்த நகல் மட்டும் போதும் என்றார். உறுதிமொழிகள் என்ன ஆயின என்று அந்த அம்மாள் கேட்டதற்குப் பையை மூடிக்கொண்டார்.

கல்லறை அலுவலகத்தில் இருந்தவர், வெட்டப்போகிற ஒவ்வொரு பெயருக்கும் ஒரு தாள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இருந்தது. அவர் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

கல் கொத்துகிறவர் துண்டுக் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தந்தையின் பெயருக்குக் கீழே இரண்டு பெண் பெயர்கள் இருந்தன. பிறந்த தேதி இல்லை, இறந்த தேதி இல்லை.

"தேதிக்காகத்தான இத்தன நாள் நிறுத்தி வச்சீங்க?"

குஷன்காரர் தேதி வேண்டாம் என்றார்.

"உள்ள ரெண்டு பேர்தானண்ணே? கல்லுல மூணு வருதே."

"வெட்டுங்க."

"சரி. இதுல எது மேல, எது கீழ?"

மேல் கீழ் வேண்டாம், இரண்டும் ஒரே வரியில் பக்கத்தில் பக்கத்தில் வர வேண்டும் என்றார் குஷன்காரர். ஒரே வரியில் அடைத்தால் எழுத்து பொடியாகிவிடும், நின்றபடி படிக்க முடியாது, பார்க்க லட்சணமாக இருக்காது என்று கல் கொத்துகிறவர் தொழில் முறையில் எடுத்துச் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. குஷன்காரர் கேட்கவில்லை.

கல் தயாரானதும் சித்தி பார்க்க வந்தார். முட்டியைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, கையை எட்ட நீட்ட வழியில்லாததால் கண்ணைச் சுருக்கிப் படித்தார். இதில் எது உன் அம்மா என்று கேட்டார். மனைவியும் அதைத்தான் கேட்டார். அன்றைக்கும் கேட்டார், பிறகு பல நாள் மெஷினை நிறுத்திவிட்டும் கேட்டார். குஷன்காரர் கடையிலிருந்து கொண்டு வந்திருந்த பிரஷ்ஷால் எழுத்துகளுக்குள் இருந்த கல் தூளைத் தட்டினார். ஒரு பெயரை முடித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போனார்.